பஞ்சாங்கத்தில் பதிந்த விரல்

நம் தவளக்குப்பத்தில் ஒரு வீட்டில் திருட்டுப் போனால் என்ன நடக்கும்? அக்கம்பக்கத்தார் அனைவரும் உள்ளே நுழைந்து, உடைந்த பூட்டையும் பீரோவையும் தொட்டுப் பார்ப்பார்கள். போலீசார் வருவதற்குள் திருடனின் விரல் பதிந்த இடத்தில் ஊராரின் விரல்கள் எல்லாம் பதிந்துவிடும். அந்த ஒற்றை விரல் ரேகை எவ்வளவு விலைமதிப்புள்ளது என்பதை அசிசுல் ஹக் அவர்களின் வாழ்க்கையில் காணலாம்.

இவர் 1872ஆம் ஆண்டு வங்காளத்தின் குல்னா மாவட்டத்தில் பிறந்தார். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் கணிதம் பயின்றார். வங்காளப் போலீஸ் தலைவர் எட்வர்ட் ஹென்றி, கணக்கில் வல்ல இளைஞர் ஒருவரைத் தேடியபோது, கல்லூரி முதல்வர் இவரை அனுப்பினார். 1892இல் சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தார்.

ஆயிரக்கணக்கான ரேகைச் சீட்டுகளில் வேண்டிய ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது? இதுதான் அன்றைய சிக்கல். ஹக் பத்து விரல்களையும் ஐந்து ஜோடிகளாக்கினார். ஒவ்வொரு விரலிலும் சுழி உண்டா, இல்லையா என்று மட்டும் பார்த்தார். அப்படியானால் ஒரு ஜோடிக்கு நான்கு வகை; ஐந்து ஜோடிகளுக்கு 1,024 வகை. நான்கை ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள்! 32 வரிசை, 32 அறைகள் கொண்ட அலமாரி போதும். 1897இல் கல்கத்தாவில் விரல் ரேகை நிலையம் தொடங்கப்பட்டது. ஹேம் சந்திர போஸ் என்பவரும் அங்கே அரும்பணி ஆற்றினார்.

விரைவிலேயே சோதனை வந்தது. ஜல்பாய்குரி மாவட்டத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மானேஜர் படுக்கையில் கழுத்து அறுபட்டுக் கிடந்தார். பணமும் களவு போயிருந்தது. சமையற்காரரின் உடையில் இரத்தக் கறை! விருந்துக்குப் புறா அறுத்தேன் என்றார் அந்த ஏழை. யார் நம்புவார்? நல்லவேளையாக, காகிதங்கள் வைக்கும் பெட்டிக்குள் ஒரு வங்காளப் பஞ்சாங்கம் இருந்தது. அதன் நீல உறையில் மங்கிய பழுப்புக் கறை இரண்டு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒன்று விரல் ரேகை! அதை யாரேனும் ஈரக் கையால் புரட்டியிருந்தால், துணியால் துடைத்திருந்தால், சமையற்காரரின் கதி என்னவாகியிருக்கும்?

கல்கத்தாவில் ஒப்பிட்டார்கள். முன்பு திருட்டுக்காகச் சிறை சென்ற பழைய வேலைக்காரன் ஒருவனுடைய வலது கட்டைவிரலோடு அது பொருந்தியது. கறை பாலூட்டியின் இரத்தமே என இரசாயனப் பரிசோதகர் சான்றளித்தார். புறா பாலூட்டி அல்லவே! ஆயினும் நீதிமன்றம் அவனைத் திருட்டுக்கு மட்டுமே தண்டித்தது. கொலையைக் கண்டவர் எவருமில்லை. விரல் அங்கே இருந்ததைத்தான் ரேகை காட்டும். கத்தியைப் பிடித்ததைக் காட்டாது. அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பின்னர் 1910இல், புதுவை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நாளில், பிரான்சின் லியோன் நகரில் எட்மோன் லொக்கார் தடய ஆய்வுக்கூடம் நிறுவினார். குற்றம் நடந்த இடத்துக்கு வருபவன் எதையாவது விட்டும் செல்கிறான், எடுத்தும் செல்கிறான் என்பது அவர் கொள்கை. வேடிக்கை பார்ப்பவருக்கும், ஏன், போலீசாருக்கும் இது பொருந்தும்! ஆகவேதான் இன்று கயிறு கட்டி ஒரே வழியாக நடக்கிறார்கள்; கையுறை அணிகிறார்கள். இரத்தம் பட்ட துணியை உலர்த்திக் காகித உறையில் இடுகிறார்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடுமாம். யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்றும் எழுதி வைக்கிறார்கள்.

ஹக் அவர்களின் முறை 1901இல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டை அடைந்தது, ஹென்றியின் பெயரில்! 1912இல் ஹக் பீகார் போலீசுக்கு மாற்றப்பட்டார். நெடுநாள் கழித்தே கான் பகதூர் பட்டமும் 5,000 ரூபாய் சன்மானமும் கிட்டின. ஓய்வுபெற்று மோதிஹாரியில் வாழ்ந்து, 1935இல் அங்கேயே காலமானார். நூல்களில் அது இன்னும் ஹென்றி முறைதான்.