தியாகசீலர் கக்கன்: வென்ற தேர்தல்களும் தோற்ற தேர்தலும்

கல்வியை வளர்ப்பதற்கென்றே தோன்றிய ஒரு கழகத்தின் வெள்ளிவிழா மலரில், தேர்தல் களத்தில் நின்ற ஒருவரின் வரலாற்றை எழுதுவானேன் என்று அன்பர் சிலர் கருதக்கூடும். எழுத்தறிவு பெற்ற சமுதாயம் தன் வாக்கின் வரலாற்றையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே நம் விடை. சட்டமன்றங்களில் நமக்கென ஒதுக்கப்பட்ட இடங்கள் எவ்வாறு வந்தன, அவற்றில் அமர்ந்தோர் எதைச் செய்தனர், எதைச் செய்ய இயலாமற் போயினர் என்பனவற்றை நம் இளைஞர் அறிவதற்குத் திரு. பூ. கக்கன் அவர்களின் வாழ்க்கையைவிடத் தெளிவான பாடம் அரிது.

பிறப்பும் பொதுவாழ்வின் தொடக்கமும்

மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த தும்பைப்பட்டி என்னும் சிற்றூரில் 1908ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் கக்கன் பிறந்தார். தந்தையார் ஊர்க்கோயிலில் பூசாரியாகத் தொண்டு செய்தவர். வறுமையோடும் தீண்டாமையோடும் போராடியே அவர் பள்ளி சென்றார். மாணவப் பருவத்திலேயே காங்கிரசு இயக்கத்தில் ஈடுபட்டு, மதுரை அ. வைத்தியநாத ஐயரின் அன்புக்குரிய தொண்டரானார். 1938ஆம் ஆண்டில் சுவர்ணம் பார்வதி அம்மையாரை மணந்தார்.

1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்ற சிறு குழுவில் கக்கனும் ஒருவர். அன்று ஆலயப் பிரவேசத்துக்கு முழுமையான சட்டப் பாதுகாப்பு இல்லை. நுழைவு முதலில் நிகழ்ந்தது. அதனைக் காக்கும் அவசரச் சட்டமும், அதன்பின் முறையான சட்டமும் பின்னரே பிறந்தன. துணிந்தவர் முன்னே செல்லச் சட்டம் பின்னே வந்த அந்த நிகழ்ச்சியை நாம் மறத்தலாகாது. 1942ஆம் ஆண்டின் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் கலந்துகொண்ட கக்கன் அலிப்பூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார்.

மன்றங்களில் கக்கன்

1946 முதல் 1950 வரை அவர் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினராக இருந்தார். அச்சபைக்குப் பொதுமக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை. மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்களே தெரிவு செய்தனர். அண்ணல் அம்பேத்கர் வரைவுக் குழுத் தலைவராக வீற்றிருந்த அவையில், தும்பைப்பட்டிச் சேரியிலிருந்து சென்ற ஒருவரும் இடம்பெற்றார் என்பது நமக்குப் பெருமை.

வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்து நடைபெற்ற முதற் பொதுத்தேர்தலில், மதுரைத் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1952 முதல் 1957 வரை அங்கு பணியாற்றினார். அக்காலத் தேர்தல் முறையை இன்றைய இளைஞர் அறியார். சில தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர். அவற்றுள் ஓர் இடம் பட்டியல் வகுப்பினருக்கோ பழங்குடியினருக்கோ உரியது. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள். இரண்டையும் ஒருவருக்கே அளித்தல் இயலாது. ஒதுக்கப்பட்ட இடம் நிரம்பிய பின்னும் கூடுதல் வாக்குப் பெற்றால், அவ்வகுப்பைச் சேர்ந்த மற்றொரு வேட்பாளர் பொது இடத்தையும் பெறலாம். 1957இல் ஆந்திரத்தின் பார்வதிபுரம் தொகுதியில் இவ்வாறே பழங்குடி வேட்பாளர் இருவரும் இரண்டு இடங்களையும் வென்றனர். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி அங்கே தோல்வியுற்றார். 1961இல் இயற்றப்பட்ட சட்டத்தால் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் ஒழிந்து, தனித் தொகுதிகள் தோன்றின.

1954இல் காமராசர் முதலமைச்சரானதன் பின்னர், தமிழ்நாடு காங்கிரசு கமிட்டியின் தலைவர் பொறுப்பும் கக்கனை நாடி வந்தது. ஊர்ப் பொதுக்கிணற்றில் நீர் மொள்ள நம்மவர்க்கு உரிமையில்லாத ஊர்கள் மலிந்திருந்த காலம் அது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பத்தாண்டு அமைச்சர்

1957இல் மேலூர்த் தொகுதியிலிருந்து சென்னை மாநிலச் சட்டப்பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கக்கன், ஏப்ரல் 13ஆம் நாள் காமராசர் அமைச்சரவையில் பொதுப்பணித் துறை அமைச்சரானார். அரிசன நலம் என அன்று வழங்கிய துறையும் அவரிடமே இருந்தது. நம்மவர் ஒருவர் அமைச்சரானால் நலத்துறையோடு நிறுத்திவிடுவது அரசியலில் பழகிப்போன வழக்கம். கக்கனிடமோ அணைகளும் ஏரிகளும் சாலைகளும் ஒப்படைக்கப்பட்டன. வைகை அணை அவர் காலத்தில், 1959ஆம் ஆண்டு சனவரித் திங்களில் திறக்கப்பட்டது.

புதுவை மண்ணில் வாழும் நமக்கும் இதில் ஓர் உறவுண்டு. தென்பெண்ணையின் குறுக்கே எழுந்த சாத்தனூர் அணை 1954இல் தொடங்கப்பெற்று, அவர் அமைச்சராய் இருந்த 1958இல் நிறைவெய்தியது. அதே பெண்ணையாற்று நீரே சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரிந்து, பங்காரு வாய்க்கால் வழியே நம் பாகூர் ஏரிக்கு வருகிறது. அந்த ஏரிப் பாசனத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் வாழ்ந்தவர் நம் முன்னோர். ஆற்றின் மேற்பகுதியில் எடுக்கப்படும் முடிவு கடைமடையில் கூலி வேலை செய்வோரின் உலைவரை எட்டும். அத்தகைய முடிவு எடுக்கப்படும் இடத்தில் நம்மவர் ஒருவர் அமர்ந்திருந்தார் என்பதே இங்கு நாம் கருதத்தக்கது.

1962ஆம் ஆண்டுத் தேர்தலில் சமயநல்லூர்த் தனித் தொகுதியில் வென்று, மார்ச் 13ஆம் நாள் வேளாண்மை அமைச்சரானார். காமராசர் பதவி துறந்து பக்தவத்சலம் முதலமைச்சரானபோது, 1963 அக்டோபர் 3ஆம் நாள் முதல் உள்துறை அவர் பொறுப்பாயிற்று.

இங்கு ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. 1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர் கிளர்ந்தெழுந்தபோது, மாநிலமெங்கும் துப்பாக்கிச் சூடுகள் நிகழ்ந்தன, பலர் மாண்டனர். உள்துறை அமைச்சர் என்ற முறையில் அதன் பழியும் கக்கனைச் சார்ந்தது. தனி வாழ்வில் தூயவர் என்பதனால் ஆட்சிப் பொறுப்பின் விளைவுகளிலிருந்து எவரும் விலகி நிற்றல் இயலாது. அவரைப் போற்றும் நாம் இதனையும் சேர்த்தே கற்றல் வேண்டும்.

1967ஆம் ஆண்டுத் தோல்வி

அவ்வாண்டுத் தேர்தலில் மேலூர் தெற்குத் தொகுதியில் போட்டியிட்ட கக்கன், தி.மு.க. வேட்பாளர் ஓ.பி. இராமனிடம் தோல்வியுற்றார். முதலமைச்சர் பக்தவத்சலம் திருப்பெரும்புதூரிலும், காமராசர் விருதுநகரிலும் தோற்ற தேர்தல் அது. விலைவாசியும் அரிசித் தட்டுப்பாடும் மொழிப் போராட்டமும் சேர்ந்து ஆட்சியையே பெயர்த்தன. அதன்பின் கக்கன் தேர்தல் அரசியலிலிருந்து ஒதுங்கினார்.

பத்தாண்டுக் காலம் அமைச்சராயிருந்தவர் பதவியை விட்டு இறங்கியபோது, சொத்தென்று சொல்லிக்கொள்ள ஏதும் சேர்த்திருக்கவில்லை. வாடகை வீட்டிலும் நகரப் பேருந்திலுமாக அவர் வாழ்வு கழிந்தது. பிற்காலத்தில் நோயுற்று மதுரை அரசு மருத்துவமனையில் எளியோருள் எளியவராய்ச் சிகிச்சை பெற்றிருந்தபோது, முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவரைக் கண்டு வருந்தினார். அதன்பின் அரசு உதவிகள் கிடைத்தன. 1981ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் கக்கன் மறைந்தார். 1999இல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. தும்பைப்பட்டியில் மணிமண்டபம் எழுந்துள்ளது.

நாம் கொள்ள வேண்டியது

கக்கனின் வறுமையைப் புகழ்வோர் பலர். அவர் ஏழையாய் மறைந்தார் என்பதை மட்டும் மீண்டும் மீண்டும் சொல்லிக் கண்ணீர் உகுப்பதில் நமக்கு உடன்பாடில்லை. பிற அமைச்சர்களின் அணைகளையும் பள்ளிகளையும் எண்ணும் உலகம், நம் அமைச்சரின் கிழிந்த சட்டையை மட்டும் எண்ணுமாயின் அதுவும் ஒருவகைக் குறை மதிப்பீடே. அவர் நிருவகித்த துறைகளையும், எடுத்த முடிவுகளையும், ஏற்ற பழியையும் ஒருங்கே வைத்து மதிப்பிடுவதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

மற்றொரு கேள்வியும் உண்டு. தனித் தொகுதியில் நிற்பவர் நம்மவரேயாயினும், அவரைத் தேர்ந்தெடுப்பவர் தொகுதியின் எல்லா வாக்காளருமே. கட்சியின் ஆதரவும் பிறர் வாக்கும் இன்றி வெல்ல இயலாதவர், நம் குறையைத் தயங்காது எடுத்துரைத்தல் கூடுமா? 1932ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தம் முதல் அம்பேத்கர் கொண்டிருந்த கவலை இதுவே. கக்கனின் வாழ்வு இக்கேள்விக்கு முழு விடையன்று. அவர் தம் கட்சிக்கு இறுதிவரை கட்டுப்பட்டே நின்றவர்.

அவ்விடை நம்மிடமே இருக்கின்றது. புதுவைச் சட்டப்பேரவைக்கு மக்கள் தேர்ந்தெடுக்கும் 30 இடங்களில் ஐந்து தனித் தொகுதிகள் உள்ளன. ஏம்பலம், நெட்டப்பாக்கம், திருபுவனை, ஊசுடு என நான்கு புதுவைப் பகுதியிலும், நெடுங்காடு காரைக்காலிலும் அமைந்துள்ளன. இவற்றில் யார் நிற்கின்றனர், வென்றபின் பேரவையில் என்ன பேசினர், நம் பிள்ளைகளின் உதவித்தொகைக்கும் விடுதிக்கும் மனைப்பட்டாவுக்கும் என்ன கேட்டனர் என்று கணக்குக் கேட்கும் வாக்காளர் இருந்தால், உறுப்பினர் அஞ்சாது பேசுவார். கேட்பதற்குப் படிப்பு வேண்டும்; படிப்பதற்கே இக்கழகம் தோன்றியது.

வீராம்பட்டினத்து இளைஞர்களே! கக்கன் கல்லூரி வாசலை மிதிக்காமலேயே அரசியல் நிர்ணய சபைவரை சென்றார். நீங்கள் பட்டமும் பெற்று, அவரது நேர்மையும் பெற்று, அவர் பேசாமல் விட்டதையும் பேசுவீர்களாக.