அறிஞர் ஆனந்த குமாரசாமியார்

முன்னோர் தேடிவைத்த செல்வம் பொன்னும் நிலமும் மட்டும் அன்று. அவர்தம் கைத்திறன் விளங்கும் பொருள்களும் செல்வமேயாம். எழுமலையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பழைய வீடுகளைப் பிரிக்குங்கால், சித்திர வேலை அமைந்த நிலைக்கதவும், மரப்பெட்டியும், ஊஞ்சற்பலகையும், ஊறுகாய் இடும் பீங்கான் சாடியும் இடத்தை அடைக்கும் வீண்பொருள்கள் என்று கருதப்பட்டு, வந்த விலைக்கு விற்கப்படுதலை நாம் பன்முறை கண்டுள்ளோம். அவையே மெருகிடப்பெற்று, காரைக்குடி முனீசுவரன் கோயில் தெரு போன்ற பழம்பொருட் கடைத்தெருக்களை அடைந்தபின் அரும்பொருள்களாகின்றன. தச்சர், கொல்லர், கன்னார், தட்டார், சிற்பியர் என்னும் ஐந்தொழிலாளர் மரபில் வந்த நாம், இப்பொருள்களின் மாண்பை உலகறியச் செய்த தமிழர் ஒருவரது வரலாற்றை அறிதல் கடனாகும்.

ஆனந்த குமாரசாமியார் 1877-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் கொழும்பு நகரில் தோன்றினார். தந்தையார் சர் முத்துக்குமாரசாமி, அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த பேரறிஞர். தாயார் எலிசபெத்து அம்மையார் ஆங்கில நாட்டினர். 1879-இல் தந்தையார் காலமாக, இரண்டாண்டு நிரம்பாக் குழந்தையாகிய இவர் இங்கிலாந்திலேயே வளர்ந்தார். இலண்டன் பல்கலைக் கழகக் கல்லூரியில் நிலநூலும் பயிர்நூலும் கற்றுத் தேர்ந்தார்.

1903-இல் இலங்கைக் கனிப்பொருள் ஆராய்ச்சித் துறைக்குத் தலைவரானார். தோரியனைட்டு என்னும் கனிப்பொருளைக் கண்டறிந்து புகழுற்றார். எனினும், கல்லைத் தேடிச் சிற்றூர்தோறும் சென்றவர் கண்ணில் பட்டது கைவினைஞரின் வறுமையே. 1815-இல் கண்டி அரசு வீழ்ந்தபின் அவரை ஆதரிப்பார் அருகினர். மக்களும் பரம்பரைப் பொருள்களைக் கைவிட்டு, இயந்திரம் செய்த அயல்நாட்டுச் சரக்கை விரும்பினர். இவர் மனம் நொந்தார். ஆயினும் நோவதோடு அமையவில்லை. மரவேலை, தந்தவேலை, உலோகவேலை, மட்கலம், நெசவு ஆகியவற்றின் முறைகளையெல்லாம் வினைஞரிடமே கேட்டு எழுதினார். துணைவியார் எதெல் அம்மையார் அவற்றை நிழற்படம் எடுத்து உதவினார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அந்நூல் 1908-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே இந்தியக் கைவினைஞரைப் பற்றித் தனிநூல் ஒன்று இயற்றி, கிராம சமுதாயத்தில் நம்மனோர் பெற்றிருந்த மதிப்பையும் விளக்கினார்.

பின்னர் இந்தியா முழுதும் சுற்றி, இராசபுத்திர ஓவியங்களும் சிற்பங்களும் பிறவும் விலைகொடுத்துத் திரட்டினார். தம் தொகுதி முழுவதையும் காசியில் அமையும் தேசியப் பொருட்காட்சிச் சாலைக்கு ஈவதாகக் கூறினார். அந்தோ! அதனை நிறுவப் பொருளுதவ எவரும் முன்வந்திலர். 1917-இல் தென்மன் ராசு என்னும் அமெரிக்கச் செல்வர் அத்தொகுதியை விலைக்கு வாங்கிப் பாஸ்டன் நுண்கலைச் சாலைக்கு அளித்தார். குமாரசாமியாரும் அங்கேயே இந்தியக் கலைப்பகுதியின் காப்பாளராய் அமர்ந்து, முப்பதாண்டு பணியாற்றி, 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

பொருள்கள் நாடு கடந்தமைக்கு வருந்தியவரே தம் பொருள்களைக் கடல் கடத்தினார் என்று சிலர் குறை கூறலாம். அக்குறையை நாம் முற்றும் மறுக்கவில்லை. ஆனால், தருவேன் என்று நீட்டிய கையை நாடு பற்றாதபோது, வாங்கியவனை மட்டும் நொந்து பயன் என்னை?

வறுமையால் விற்பாரை நாம் பழிக்க மாட்டோம். அறியாமையால் விற்றலே தகாது. விற்குமுன் அப்பொருள் எம்மரத்தால் ஆயது, யார் செய்தது, எதற்குப் பயன்பட்டது என்பவற்றை வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். படமும் எடுத்தல் வேண்டும். விலையை ஒருவர் சொற்கேட்டு முடிவு செய்யாது, இருவர் மூவரிடம் வினவுதல் நலம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டப்படி, நூறாண்டு கடந்த கைவினைப் பொருள்களைத் தனியார் அயல்நாட்டிற்கு அனுப்புதல் குற்றமாம் என்பதையும் மறவற்க.

பொருள் கைமாறினும் அதன் வரலாறு நம் இல்லத்தில் நிற்கட்டும். குமாரசாமியார் நமக்குக் காட்டிய வழி இதுவே.