கம்பெனி நாடகமும் சங்கரதாஸ் சுவாமிகளும்

கிள்ளானில் எங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் கம்பெனி என்றால் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரக் கம்பெனியைத்தான் சொல்வார்கள். நாடக உலகில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. முதலாளி ஒருவர் முதல் போட்டு, நடிகர்களுக்கு உணவும் சம்பளமும் கொடுத்து, ஊர் ஊராகச் சென்று டிக்கெட் விற்று நாடகம் நடத்திய குழுவே கம்பெனி. சிறுவர்களே நடித்தால் அது பாய்ஸ் கம்பெனி. பார்சி நாடகக் குழுக்கள் 19ஆம் நூற்றாண்டில் காட்டிய வழி அது. அவை பினாங்குக்கும் வந்தன. மலாய்ப் பங்சாவான் நாடகம் அவற்றின் தாக்கத்தில்தான் பிறந்தது.

கம்பெனி நாடகம் என்றாலே காசுக்கு ஆடிய மட்டமான கூத்து என்று நம்மில் சிலர் எண்ணுகிறோம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு நாடகத்திற்கு டிக்கெட் வைத்தால் கலையை விற்கிறார்கள் என்று முகம் சுளிப்போரையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் வாழ்வை அறிய வேண்டும்.

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் பிறந்தவர் சுவாமிகள். தந்தை தாமோதரத் தேவர் தமிழறிந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடமும் பாடம் கேட்ட சங்கரதாஸ், உப்பு நிறுவனத்தில் கணக்கராகச் சில காலம் இருந்தார். இருபத்து நான்காம் வயதில் அவ்வேலையை விட்டு நாடகத்திற்கு வந்தார். எமன், சனீசுவரன் வேடங்களில் அவரைக் கண்ட பெண்கள் அஞ்சி மயங்கியதால் மனம் நொந்து நடிப்பைக் கைவிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதன்பின் ஆசிரியராகவே வாழ்ந்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார்.

1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அமைத்தார். பெயர் சபை, நடைமுறையில் அது பாய்ஸ் கம்பெனிதான். டி. கே. சண்முகம் சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். பெற்றோரைப் பிரிந்து, கண்டிப்புக்கும் அடிக்கும் நடுவே சிறுவர்கள் வளர்ந்த கம்பெனிகள் பல இருந்தன என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் எழுத்தும் இசையும் தெளிந்த உச்சரிப்பும் அங்கேதான் அச்சிறுவர்களுக்குக் கிடைத்தன.

கம்பெனிக்கு அப்பால் ஸ்பெஷல் நாடகம் என்றொரு வகையும் உண்டு. வெவ்வேறு ஊர் நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அமர்த்தி, ஒத்திகையின்றி ஓர் இரவு நடத்துவது அது. முன்பின் பாராதவர்கள் ஒரே மேடையில் எப்படி இணைந்து நடிப்பது? சுவாமிகளின் பாடம் எல்லாருக்கும் மனப்பாடம். அதுவே ஒத்திகைக்கு ஈடு. மதுரை, புதுக்கோட்டை வட்டாரத்தில் இன்றும் அது தொடர்கிறது.

பக்கவாதம் தாக்கிப் பேச்சை இழந்த சுவாமிகள், 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார். துறவிபோல் வாழ்ந்த அவரது தமிழை ஊர்தோறும் கொண்டு சேர்த்தது டிக்கெட் காசுதான். பார்ப்பவர் கொடுக்கும் காசு நடிகரின் வயிற்றுக்குச் சோறு. அதை இழிவென்று ஒதுக்கிவிட்டு நாடகத் தமிழ் வளரவில்லையே என்று நாம் வருந்துவதில் பொருளில்லை, தோழர்களே!