மகிழடியில் உரைத்த சூள்

திருநாவலூரில் சடையனார்க்கும் இசைஞானியார்க்கும் மகனாகத் தோன்றிய நம்பியாரூரர், திருவாரூரில் பரவையாரை மணந்து வாழ்ந்தவர். தலயாத்திரையில் திருவொற்றியூர் வந்த அவர், அங்கே இறைவனுக்கு மாலை தொடுக்கும் தொண்டு செய்துவந்த சங்கிலியார்பால் காதலுற்றார். பிரியேன் என்று சூளுரைத்தே மணம் கொள்ள வேண்டும் என்றாயிற்று. அச்சூள் தம்மைப் பிணியாதிருக்க, அவ்வேளையில் இறைவன் சந்நிதி நீங்கி மகிழமரத்தில் இருக்குமாறு வேண்டிக்கொண்டார் ஆரூரர். இறைவனோ அதனைச் சங்கிலியார்க்கு உணர்த்திவிட, மகிழடியிலேயே சூள் பெறப்பட்டது என்கிறது 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அருளிய பெரியபுராணம்.

வேனில் வந்தது; ஆரூர் நினைவும் வந்தது. சூளைக் கடந்து ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்களும் ஒளியிழந்தன.

ஆரூரர் தம் பிழையை மறைத்தாரல்லர். கண்ணிழந்த நிலையை ஒற்றியூர்ப் பதிகத்தில் முறையிட்டார். அது சங்கிலியார் பொருட்டு நேர்ந்தது என்பதை முல்லைவாயில் பதிகத்தில் பெயர் சுட்டியே பாடினார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்றார். காஞ்சியில் இடக்கண்ணும் ஆரூரில் வலக்கண்ணும் பெற்றார். இறைவனைத் தோழனாகக் கொண்டு உரிமை பாராட்டிய நாவில், வழிநெடுக இரத்தலின் குரல் சேர்ந்தது. ஏழாம் திருமுறை அதனால் ஆழம் பெற்றது.

கண்கள் மீண்டன; சங்கிலியார்க்கு அளித்த சொல் மீளவில்லை. பிழை பாடியவரை வளர்த்தது; பிரிந்திருந்தவரின் துயரை ஈடுசெய்ததாகச் சொல்வதற்கில்லை. மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை காணும் பாவலர் இவ்விரண்டையும் ஒருங்கே நினைத்தல் தகும்.