போத்தலுக்குள் முளைத்த பன்னம்: வைத்தியர் வார்ட்டின் கதை

நத்தானியேல் பாக்ஷா வார்ட் 1791இல் பிறந்தவர். கிழக்கு இலண்டனில், துறைமுகத் தொழிலாளரும் ஏழைகளும் நெருங்கி வாழ்ந்த பகுதியில் வைத்தியம் பார்த்தார். 13 வயதில் கப்பலேறி ஜமேக்காவுக்குப் போனபோது, அங்கு கண்ட பனைகளிலும் பன்னங்களிலும் அவருடைய மனம் ஒட்டிக்கொண்டது. வைத்தியரான பின் வீட்டு முற்றத்தில் கற்களை அடுக்கி, நீர் சொட்ட வைத்து, பன்னமும் பாசியும் நட்டார். சுற்றியிருந்த தொழிற்சாலைகளின் புகை எதையும் வாழவிடவில்லை.

1829இல் அந்துப்பூச்சி ஒன்றின் கூட்டுப்புழுவை ஈரமண்ணில் புதைத்து, கண்ணாடிப் போத்தலில் மூடி வைத்தார். பூச்சி வெளிவருமுன்பே மண்ணில் ஒரு பன்னமும் ஒரு புல்லும் முளைத்திருந்தன. பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகி எழுந்து, கண்ணாடியில் துளியாகப் படிந்து, மறுபடி மண்ணுக்கே இறங்குவதை அவர் கவனித்தார். ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றாமல் அச்செடிகள் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் வாழ்ந்தன. மூடி துருப்பிடித்து மழைநீர் உள்ளே போனதால்தான் அவை அழிந்தன.

என் யன்னலோரத்திலும் இரண்டு போத்தல்கள் இருக்கின்றன. வளர்க்க விரும்புவோருக்கு நான் சொல்வது இதுதான்: பெரிதாக வளராத பன்னத்தைத் தெரிவு செய்யுங்கள். எங்கள் நாட்டில் இயற்கையாகவே வளரும் இதயவடிவ இலைப் பன்னம் இதற்கு நன்கு பொருந்தும். அடியில் சிறுகல், அதன்மேல் சிறிது கரி, பிறகு இலைமட்கு கலந்த மண். வெளிச்சம் வேண்டும், நேர்வெயில் கூடாது. கண்ணாடி நாள் முழுவதும் மங்கியே இருந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம். சிலமணி நேரம் மூடியைத் திறந்து வையுங்கள். செடியைக் காட்டில் பிடுங்காமல், நாற்றுமேடையில் வாங்குங்கள். வார்ட்டின் பெட்டி பிரபலமானபின் பிரித்தானியாவில் பன்னப் பைத்தியம் பரவி, அயர்லாந்தின் கில்லார்னிப் பன்னம் சேகரிப்போர் கையில் அரிதாகிப் போன கதை இருக்கிறது.

1833இல் வார்ட் இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் பன்னங்களையும் புற்களையும் நட்டு அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலில் அனுப்பினார். அதுவரை உப்புக்காற்றாலும் நன்னீர்ப் பஞ்சத்தாலும் கடற்பயணத்தில் பெரும்பாலான செடிகள் மடிந்துவிடும். இவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. திரும்பும் வழியில் அவுஸ்திரேலியச் செடிகள் எட்டு மாதங்கள், வெக்கையையும் கப்பல் தளத்தில் விழுந்த பனியையும் தாண்டி, 1834இல் இலண்டனை அடைந்தன.

1842இல் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஏழைகளின் வீடுகளுக்கும் பச்சையும் வெளிச்சமும் கிடைக்க வேண்டும் என்பதற்குத் தனி இடம் கொடுத்தார். கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை எடுக்கவில்லை. 1868இல் காலமானார்.

அவருடைய பெட்டியைப் பேரரசு வேறு விதமாகப் பயன்படுத்தியது. சீனத்துத் தேயிலைக் கன்றுகள் இமயமலைச் சரிவுகளுக்கு அதில்தான் வந்தன. 1876இல் இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து 38 பெட்டிகளில் 1,900க்கும் மேற்பட்ட இறப்பர் கன்றுகள் இலங்கைக்கு வந்து, கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடவில் நடப்பட்டன.

வார்ட்டை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் இந்தக் கன்றுகள்தான். வெயில், உப்பு, குளிர் எதுவும் தீண்டாதபடி கண்ணாடி போட்டு அவற்றைக் கொண்டுவந்தார்கள். தோட்டங்களில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து வந்தவர்களுக்கோ அப்படியொரு காவல் இருக்கவில்லை. கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தேயிலையையும் இறப்பரையும் வளர்த்துக் கொடுத்தார்கள். 1948இல் அவர்களின் குடியுரிமையும் பறிபோனது.

கியூவிலிருந்து வந்த கன்றுகளின் எண்ணிக்கை பதிவேட்டில் இருக்கிறது. மாத்தளைப் பாதையோரம் புதைக்கப்பட்டவர்களில் எத்தனை பேருக்குப் பெயர் எழுதிய கல் இருக்கிறது?