மரைக்கு அளவு தந்த சர் ஜோசப் விட்வொர்த்

கொஞ்சம் கிறுக்குத்தனமாகப் பேசுபவனை மரை கழன்றவன் என்று கேலி செய்யாத தமிழர் உண்டா? போல்ட்டிலும் நட்டிலும் சுற்றிச் சுற்றி ஓடும் அந்தப் பள்ளத்துக்குத்தான் மரை என்று பெயர். மனிதனின் அறிவுக்கே உவமையாகிவிட்ட அந்த மரைக்கு முதன்முதலில் ஒரு நாடு முழுமைக்கும் பொதுவான அளவு வகுத்தவரின் வாழ்க்கையைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

பழைய பிரிட்டிஷ் வாகனங்களைப் பழுதுபார்ப்பவர்களுக்கு அவர் பெயர் பழக்கமானது. பிஎஸ்ஏ, டிரையம்ப் மோட்டார் சைக்கிள்களையோ முதல் தலைமுறை லேண்ட் ரோவரையோ கழற்ற முயன்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். மில்லிமீட்டர் ஸ்பேனர் சரியாக உட்காராது. அமெரிக்க அங்குல ஸ்பேனரும் வழுக்கும். அதற்கென்றே டபிள்யூ என்ற எழுத்துப் பொறித்த தனி ஸ்பேனர் வேண்டும். அதிலும் ஒரு வேடிக்கை. 1/2 டபிள்யூ என்று பொறித்த ஸ்பேனரின் வாயை அளந்தால் அரை அங்குலம் இருக்காது; ஏறக்குறைய 0.92 அங்குலம் இருக்கும். பொறித்திருக்கும் எண் ஸ்பேனர் வாயின் அளவல்ல, அது திருகும் போல்ட்டின் தண்டுப் பருமன். பழைய கருவிகளைச் சேகரிப்போர் முதலில் கற்கும் பாடங்களில் இதுவும் ஒன்று. அந்த டபிள்யூ என்ற எழுத்துக்கு உரியவர்தான் ஜோசப் விட்வொர்த்.

1803-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் நகரில் அவர் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். பின்னாளில் சமயப் போதகர். பதினான்கு வயதில் டெர்பிஷயரில் இருந்த மாமாவின் பருத்தி ஆலைக்குத் தொழில் பழக அனுப்பப்பட்டார். அங்கேயே இருந்திருந்தால் ஒரு நாள் ஆலை முதலாளி ஆகியிருக்கலாம். ஆனால் அவருடைய கண் நூலின்மேல் விழவில்லை, நூல் நூற்ற இயந்திரத்தின்மேல் விழுந்தது. அந்த இயந்திரங்கள் எவ்வளவு கரடுமுரடாகச் செய்யப்பட்டிருந்தன என்பது அவரை உறுத்தியது. சில ஆண்டுகளில் ஆலையை விட்டு வெளியேறி மான்செஸ்டரில் சாதாரண மெக்கானிக்காகச் சேர்ந்தார். 1825-இல் ஃபேனி ஆங்கர்ஸ் என்பவரை மணந்து, அதே ஆண்டு லண்டனுக்குச் சென்று ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலைக்கு அமர்ந்தார்.

அன்றைய உலகின் மிகச் சிறந்த பட்டறைகளுள் ஒன்று அது. அங்கேதான் விட்வொர்த்தை ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. முழுமையான சமதளம் ஒன்றை எப்படி உருவாக்குவது? பொறியியல் படிக்காத நண்பர்கள் இதில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். ஒன்றைச் சமதளமா என்று பார்க்க, சமதளமான இன்னொன்று வேண்டும். அந்த இன்னொன்று எங்கிருந்து வரும்? இரண்டு இரும்புத் தட்டுகளை ஒன்றோடொன்று தேய்த்தால் இரண்டும் பொருந்திவிடும். ஆனால் ஒன்று லேசாகக் குழிந்து, மற்றொன்று லேசாகப் புடைத்திருந்தாலும் பொருந்தத்தான் செய்யும். ஆகவே மூன்று தட்டுகள் வேண்டும். முதலாவதோடு இரண்டாவதையும், இரண்டாவதோடு மூன்றாவதையும், மூன்றாவதோடு முதலாவதையும் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்க்க வேண்டும். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டுமானால் மூன்றும் சமதளமாக இருந்தே ஆகவேண்டும். வேறு வழியே இல்லை.

இந்த மூன்று தட்டு முறை மாட்ஸ்லேயின் பட்டறையில் ஏற்கெனவே இருந்ததுதான். விட்வொர்த் அதில் செய்த மாற்றம், பொடி போட்டுத் தேய்ப்பதை நிறுத்தியது. ஒரு தட்டில் மெல்லிய வண்ணக் குழம்பைப் பூசி மற்றொன்றின்மேல் வைத்து எடுத்தால், மேடான இடங்களில் மட்டும் வண்ணம் ஒட்டும். அந்த இடங்களை மட்டும் கைச்சுரண்டியால் சுரண்டி எடுக்க வேண்டும். மீண்டும் பூசு, மீண்டும் சுரண்டு. துல்லியம் என்ற பெரிய சொல்லுக்குப் பின்னால் ஒரு சாதாரணக் கைச்சுரண்டியும் ஏராளமான பொறுமையும் இருந்தன என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. 1840-இல் இந்த முறையை அறிஞர் அவையில் விளக்கினார்.

அதற்குள் அவர் சொந்தக்காலில் நின்றிருந்தார். 1833-இல் மான்செஸ்டரில் தொடங்கிய பட்டறை, கடைசல் இயந்திரங்களையும் துளையிடும் இயந்திரங்களையும் செய்து பெயர் பெற்றது. குதிரை இழுக்க, தெருவைத் தானே பெருக்கும் வண்டி ஒன்றைக்கூடச் செய்தார்.

அக்காலத்தில் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. ஒருவர் செய்த நட்டு மற்றவர் செய்த போல்ட்டில் ஏறாது. ஒரு போல்ட்டு தொலைந்தால் இயந்திரம் செய்தவரிடமே திரும்பப் போக வேண்டும். விட்வொர்த் இங்கிலாந்தின் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைத் திரட்டி, அளந்து, சராசரி கண்டார். தன் பட்டறை மரைதான் சிறந்தது என்று மற்றவர் தலையில் கட்டாமல், எல்லாருடையதற்கும் நடுவே ஓர் அளவைத் தேர்ந்தார். அந்தப் பெருந்தன்மைதான் அவர் வெற்றிக்குக் காரணம் என்பது என் கருத்து. மரையின் பக்கங்களுக்கு இடையே 55 பாகைக் கோணம். கால் அங்குலப் போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 20 சுற்று, அரை அங்குலத்துக்கு 12, ஓர் அங்குலத்துக்கு 8. 1841-இல் இதைச் சிவில் பொறியாளர் கழகத்தின் முன் வைத்தார். ரயில் நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டன. பிற தொழில்களும் பின்தொடர்ந்தன. கிரிமியப் போரின்போது 90 போர்ப்படகு எஞ்சின்கள் அவசரமாகத் தேவைப்பட்டன. பாகங்களைப் பல பட்டறைகளுக்குப் பகிர்ந்து கொடுத்துச் செய்து முடித்தார்கள். எல்லாரும் ஒரே மரையைப் பயன்படுத்தியதால்தான் அது கைகூடியது.

1850-களில் ஓர் அங்குலத்தின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வேறுபாட்டைக் காட்டும் அளவு இயந்திரத்தையும் உருவாக்கினார். பட்டறைகளில் அங்குலத்தைப் பதினாறாகவும் முப்பத்திரண்டாகவும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது!

இனி வருவது எனக்கு உவப்பில்லாத பகுதி. ஆயினும் அதை விட்டுவிட்டால் வரலாறு ஆகாது. பிரிட்டிஷ் அரசு கேட்டுக்கொண்டதன்பேரில் விட்வொர்த் துப்பாக்கி ஆய்வில் இறங்கினார். குழலின் உட்புறத்தை அறுகோணமாக அமைத்தார். 1857 சோதனைகளில் அது அரசின் என்ஃபீல்டு துப்பாக்கியைத் தோற்கடித்தது. 1860-இல் விம்பிள்டனில் தாங்கியில் பொருத்திய விட்வொர்த் துப்பாக்கியை விக்டோரியா மகாராணியே சுட்டுவைத்தார். 400 கஜத்துக்கு அப்பால், குறியின் மையத்துக்கு மிக அருகில் குண்டு பாய்ந்தது. விலை அதிகம், குழலும் எளிதில் அடைத்துக்கொள்ளும் என்று பிரிட்டிஷ் படை அதை ஏற்கவில்லை. ஆனால் அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் குறிவீரர்கள் கைக்கு அது போய்ச் சேர்ந்தது. 1864-இல் வட தரப்புத் தளபதி ஜான் செட்ஜ்விக்கின் உயிரைப் பறித்தது இந்தத் துப்பாக்கியின் குண்டே என்று பொதுவாகச் சொல்வார்கள். அதே காலத்தில் மான்செஸ்டரின் ஆலைத் தொழிலாளர்கள் பருத்தி வரத்து நின்று பட்டினி கிடந்தபோதும் அடிமைமுறைக்கு எதிராகக் குரல் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே நகரம், இரண்டு முகம். தோட்டத்தில் வியர்வை சிந்திய தலைமுறையின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு அந்தத் தொழிலாளர்களின் பக்கம்தான் மனம் சாயும்.

1868-இல் விட்வொர்த் ஆளுக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு வீதம் 30 கல்வி உதவித்தொகைகளை ஏற்படுத்தினார். கோட்பாடு மட்டும் தெரிந்தால் போதாது, கைவேலையும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. நம் விரிவுரை மண்டபங்களில் இதைக் கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது! 1869-இல் சர் பட்டம் வந்தது. பிள்ளைகள் இல்லை. 1887 ஜனவரி 22-ஆம் நாள் மான்டி கார்லோவில் காலமானார். அவர் விட்டுச்சென்ற செல்வத்தால் மான்செஸ்டரில் கலைக்கூடமும் மருத்துவமனையும் பல்கலைக்கழக மண்டபமும் எழுந்தன.

அவருடைய மரைக்கும் போட்டி வந்தது. 1864-இல் அமெரிக்கர் வில்லியம் செல்லர்ஸ், வெட்டுவதற்கு எளிதான 60 பாகை மரையை முன்மொழிந்தார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பாகங்களும் அமெரிக்கப் பாகங்களும் ஒன்றோடொன்று பொருந்தாமல் தொல்லை கொடுத்தன. 1948-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் கூடி 60 பாகைக்கே ஒப்பின. அதன்பின் மெட்ரிக் அளவும் வந்தது. விட்வொர்த் ஸ்பேனர்கள் மெல்ல மெல்லப் பழைய பொருள்களின் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தன.

ஆனால் கேமராவைக் கவிழ்த்து, அடியில் முக்காலி பொருத்தும் துளையைப் பாருங்கள். கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 சுற்று. கோணம் மாறிவிட்டது, எண்கள் 1841-இல் அவர் வகுத்தவையே.