எட்டாவது பாதை

சாலை யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்வியைத் திருப்பூர் வீதியில் நின்று கேட்டால் சிரிப்பார்கள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதே என்று நெஞ்சு படபடக்கச் சைக்கிள் மிதிக்கும் பனியன் தொழிலாளியைப் பாருங்கள், தோழர்களே! முன்னால் சரக்கு லாரி. பின்னால் பஸ். வலப்புறம் கார். இடப்புறம் சாக்கடை. இடையிலே ஒரு முழம் இடம். அந்த ஒரு முழந்தான் அவனுக்கு மாநகரம் அளந்து விட்ட மானியம்! நாமும் அந்த ஒரு முழத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சைக்கிள் மிதித்தவர்கள்தாம். அதனால்தான் இன்று ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்ல முன்வந்தோம்.

அவர் தமிழரல்லர். தொழிற்சங்க மேடை ஏறியவருமல்லர். பாட்டாளியின் தோழர் என்று அவரைப் பாராட்டவும் நாம் முற்படவில்லை. கட்டடக் கலையில் உலகப் புகழ் பெற்றவர். லே கார்புசியே என்பது அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயர். பெற்றோர் இட்ட பெயர் வேறு.

1887 அக்டோபர் 6ஆம் நாள், சுவிட்சர்லாந்தில் லா ஷோ தெ ஃபோன் என்ற ஊரில் பிறந்தார். நமக்குப் பனியன் எப்படியோ, அந்த ஊருக்குக் கடிகாரம் அப்படி. ஊரே கடிகாரத்தால் உண்டது, கடிகாரத்தால் உடுத்தியது. தந்தை, கடிகார முகப்புக்கு எனாமல் பூசும் தொழிலாளி. தாய், பியானோ கற்றுக் கொடுத்தவர். மகனும் கடிகார மூடியில் சித்திரம் செதுக்கும் தொழிலைத்தான் கற்றார். ஆசிரியர் ஒருவர் அவரைக் கட்டடக் கலைப் பக்கம் திருப்பிவிட்டார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. கால் நடையும் கண் பார்வையுமே கல்லூரி. 1911இல் இஸ்தான்புல், ஏதென்ஸ் என்று ஊர் ஊராகச் சுற்றினார். 1917இல் பாரிசில் குடியேறினார்.

இனி வருவதுதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய கட்டம்.

1924ஆம் ஆண்டு. பாரிசில் ஷான்ஸ் எலிசே என்ற பெருவீதி. மாலை வேளை. கார்ப்படை அலை அலையாய்ப் பாய்கிறது. நடந்து சென்ற அவர் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார். மாணவப் பருவம் நினைவுக்கு வருகிறது. அன்று வீதி நடப்பவனுக்குச் சொந்தமாயிருந்தது. பாடிக்கொண்டே போகலாம், பேசிக்கொண்டே போகலாம். இன்றோ உயிருக்கு அஞ்சி ஒதுங்க வேண்டியிருக்கிறது! அந்த அனுபவத்தை அவரே தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார்.

ஒதுக்கப்பட்டவர் என்ன செய்திருக்க வேண்டும்? ஒதுக்கியவனைக் கேள்வி கேட்டிருக்க வேண்டும் என்பீர்கள். அவரோ ஒதுக்கியவனையே வணங்கினார்! வேகம் அவரை மயக்கியது; எந்திரத்தின் வலிமை அவரை ஆட்கொண்டது. கார்தான் வருங்காலம், அந்த வருங்காலத்துக்கு ஏற்ப நகரத்தையே மாற்ற வேண்டும் என்று முடிவு கட்டினார். அடித்தவன் காலைப் பிடிக்கும் மனப்பான்மை அறிவாளியையும் விட்டபாடில்லை, பார்த்தீர்களா!

அடுத்த ஆண்டே, 1925இல், ஒரு திட்டத்தைக் கண்காட்சியில் வைத்தார். பாரிசின் மையத்தில், ஸேன் நதியின் வடகரையில், தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்ந்த தெருக்களைத் தரைமட்டமாக்குவது. அங்கே அறுபது மாடி உயரத்தில் பதினெட்டுக் கோபுரங்களை நிறுத்துவது. நடுவே கார்களுக்கு ராஜபாட்டை அமைப்பது! பணம் தந்தது யார்? விமானமும் காரும் செய்த வுவாசன் கம்பெனி. திட்டத்துக்கே அந்தக் கம்பெனியின் பெயரைத்தான் வைத்தார். நல்ல காலம், பாரிஸ் மக்கள் பிழைத்தார்கள். திட்டம் காகிதத்தோடு நின்றது. காகிதம் நின்றதே தவிர கருத்து நிற்கவில்லை. காருக்காக ஊரை இடிக்கலாம் என்ற எண்ணம் பிறகு உலகமெங்கும் நகரத் திட்டக்காரர்களிடம் பரவிற்று.

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அவர் புகழத்தக்கபடி நடந்துகொள்ளவில்லை. ஜெர்மனிக்குப் பணிந்துபோன விஷி அரசிடம் திட்டங்களைத் தூக்கிக்கொண்டு போய்க் காத்துக் கிடந்தார். நாம் அதை மறைக்க மாட்டோம். மாலை போடுவதற்காகவா இந்த வரலாற்றை எழுதுகிறோம்?

1947இல் நாடு பிரிந்தது. லாகூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. இந்தியப் பஞ்சாப் தலைநகரின்றித் தவித்தது. புது நகரம் கட்ட முதலில் திட்டம் வரைந்தவர்களுள் ஒருவர் 1950இல் விமான விபத்தில் மாண்டார். அதன் பிறகே அந்தப் பணி லே கார்புசியேவிடம் வந்தது. 1951 பிப்ரவரியில் வந்து சேர்ந்தார். சண்டிகர் பிறந்தது.

பாரிசில் கார்களைக் கண்டு மயங்கியவர் பஞ்சாபில் எதைக் கண்டார்? நடந்து செல்லும் மக்களைக் கண்டார், மாட்டு வண்டியைக் கண்டார், சைக்கிளைக் கண்டார். கார் வைத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அவர்களுக்காக மட்டும் ஒரு நகரமா?

சாலைகளை ஏழு வகையாகப் பிரித்தார். வெளியூர் நெடுஞ்சாலை முதல் வகை. நகரின் பெருவீதி இரண்டாவது. ஒவ்வொரு செக்டாரையும் சுற்றி விரைந்து செல்லும் சாலை மூன்றாவது. செக்டார் என்பது 1200 மீட்டர் நீளமும் 800 மீட்டர் அகலமும் கொண்ட குடியிருப்பு. மூன்றாம் வகைச் சாலையைப் பார்த்து எந்த வீட்டு வாசலும் திறக்கக் கூடாது என்றார். நான்காவது கடைவீதி. ஐந்தாவதும் ஆறாவதும் வீடுகளுக்குப் போகும் சிறு தெருக்கள். ஏழாவது, பசும் புல்வெளி ஊடே நடந்து செல்வோருக்கு. இந்த ஏழும் போதவில்லை. பிறகு எட்டாவதாக ஒன்றைச் சேர்த்தார். அதுதான் சைக்கிளுக்கென்றே தனிப் பாதை!

காருக்காகப் பாரிசை இடிக்கத் துணிந்த அதே கை, சைக்கிளுக்கென்று ஒரு கோடு இழுத்தது. என்னே காலத்தின் விந்தை!

ஆனால் கோடு போட்டதால் மட்டும் குறை தீர்ந்ததா? இல்லை. 1953 அக்டோபர் 7ஆம் நாள் நகரத்தைக் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் திறந்து வைத்தார். அகன்ற சாலைகள் அமைந்தன. காலப்போக்கில் அவற்றில் கார்கள் நிறைந்தன. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் நாட்டிலேயே கார்கள் மிகுந்த நகரங்களுள் ஒன்றாகச் சண்டிகர் ஆயிற்று. எட்டாவது பாதையோ பல இடங்களில் வரைபடத்திலேயே உறங்கிற்று. அண்மை ஆண்டுகளில்தான் அங்கே சைக்கிள் பாதைகளை நெடுந்தொலைவுக்குப் போட்டிருக்கிறார்கள். தலையில் மண் சுமந்து அந்த நகரத்தைக் கட்டிய ஆண்களும் பெண்களும் குடிசைகளில் கிடந்தார்கள் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

லே கார்புசியே 1965 ஆகஸ்ட் 27ஆம் நாள், மத்தியதரைக் கடலில் நீந்தும்போது இறந்தார். வயது 77. அறுபது மாடிக் கோபுரங்களைக் கனவு கண்டவர், கோடைக் காலத்தில் அந்தக் கடலோரத்தில் வாழ்ந்தது பன்னிரண்டு அடிச் சதுரமான ஒரு மரக்குடிலில்! தமக்கு எவ்வளவு இடம் போதும் என்பதை அறிந்தே இருந்தார். எளியவனுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதை அறியத்தான் அவருக்கு நெடுநாள் பிடித்தது.

இந்த வாழ்க்கை நமக்குச் சொல்வதென்ன? சாலை வானத்திலிருந்து விழுவதில்லை. ஒருவர் காகிதத்தில் வரைகிறார். வரைபவர் மனத்தில் யார் இருக்கிறாரோ அவருக்கே இடம். நம் கட்டிங் மாஸ்டர் துணியை விரித்து அளவு குறிக்கும்போது பெரிய சைஸுக்கும் இடம் விடுகிறார், சின்ன சைஸுக்கும் இடம் விடுகிறார். துணி முழுவதையும் ஒரே சைஸுக்கு வெட்டினால் முதலாளி சும்மா விடுவாரா? சாலை முழுவதையும் காருக்கே வெட்டிக் கொடுப்பவரை மட்டும் நாம் ஏன் சும்மா விடுகிறோம்?

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசே விலையில்லாமல் சைக்கிள் தருகிறது. நல்ல திட்டம், நாடே பாராட்டும் திட்டம். ஆனால் அந்தப் பெண் அவிநாசி சாலையிலோ பல்லடம் சாலையிலோ அதை எங்கே ஓட்டுவாள்? சைக்கிளைக் கொடுத்த கை பாதையையும் கொடுக்க வேண்டாமா? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்து, ஒன்றரை ஷிப்ட் முடித்து, இருட்டில் பழைய சைக்கிளில் அறைக்குத் திரும்பும் தோழனின் உயிருக்கு விலை இல்லையா?

வெள்ளைக் கோடு மட்டும் போட்டால் போதாது. பெயிண்டுக்கு லாரியை நிறுத்தும் வலிமை கிடையாது. ஓரத்திலே ஆறேழு அடி அகலம். அதற்கும் வண்டிச் சாலைக்கும் இடையே உயரமான கல் கட்டு. கார் நிறுத்த அங்கே இடமில்லை. சாக்கடைக்கு உறுதியான மூடி. சந்திப்பில் சைக்கிளுக்கு முதல் வழி. நாம் கேட்பது இவ்வளவுதான். முதலில் ஒரே ஒரு சாலையில் போட்டுக் காட்டட்டும்.

1932 ஜனவரியில் குமரன் அடிபட்டு வீழ்ந்தது இந்த ஊர் வீதியில்தான். அவர் பெயரால் இங்கே ஒரு சாலையே இருக்கிறது. வீதி பொதுச்சொத்து என்பதைத் திருப்பூருக்கு எவரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. மாமன்ற உறுப்பினர் வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும்போது, தோழர்களே, சாலை வரைபடத்தை எடுத்து வரச் சொல்லுங்கள். அதில் எட்டாவது பாதை எங்கே என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்!